டெல்டா பக்கம் வளரிளம் பசங்களோட பாலியல் நலம் பத்தி ஆய்வும் விழிப்புணர்வும் பண்ணப் போறீங்களா? முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் கம்யூனிட்டி மெடிசின் பிஜி தீசிஸ், எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) ப்ராஜக்ட், நர்சிங் காலேஜ் ஆய்வு, இல்ல ஒரு என்ஜிஓ வேலைன்னு வருஷா வருஷம் நிறைய பேர் இந்த டாபிக்க எடுக்குறாங்க. எடுத்த உடனே என்ன பண்றாங்கன்னா நெட்ல இருந்து ஒரு இங்கிலீஷ் கேள்வித்தாள இறக்கி, தமிழ்ல மாத்தி, பக்கத்து ஸ்கூல் ஹெச்எம்ம பாத்து பேசி, ஒரு பீரியட்ல நூறு பசங்க கிட்ட குடுத்து வாங்கிட்டு வந்துடுறாங்க. அதுல வர்ற பதில் பாதி பக்கத்து பெஞ்சோட பதில், மீதி டீச்சர் பாத்துட்டா என்ன ஆகும்னு பயந்து போட்ட டிக்.

நான் சொல்ற வரிசை வேற. பசங்கள அனுப்ப ஒரு இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க, அப்புறம் சட்டம், அப்புறம் யார கேக்கப்போறோம், கேள்வித்தாள் அதுக்கெல்லாம் அப்புறம் தான். ஒரு பொண்ணு உங்க கிட்ட வாயத் திறந்து ஒரு விஷயம் சொல்லிட்டா அடுத்த நிமிஷம் நீங்க என்ன செய்யப்போறீங்கன்னு தெரியாம அந்தக் கேள்வியக் கேக்கவே கூடாது, இதுல மட்டும் நான் ரொம்ப கறார்.

மொதல்ல, எது இதுல அடங்கும்

உலக சுகாதார நிறுவனம் 10ல இருந்து 19 வயசு வரைக்கும் வளரிளம் பருவம்னு வெச்சிருக்கு. பாலியல் நலம்னு சொன்ன உடனே வீட்ல டென்ஷன் ஆகுறாங்க, ஏன்னா அவங்க காதுல விழுறது வேற. நாம பேசப்போறது உடம்புல வர்ற மாற்றம், மாதவிடாய், ரத்தசோகை, வெள்ளைப்படுதல், தொற்று, பாதுகாப்பு, யாராச்சும் தொந்தரவு பண்ணா யார் கிட்ட சொல்றது, கல்யாண வயசு, போன்ல வர்ற வம்பு, இவ்வளவும் தான். இத பஞ்சாயத்துத் தலைவர் கிட்டயும் ஹெச்எம் கிட்டயும் இப்படியே பிரிச்சு சொல்லுங்க, பாதி எதிர்ப்பு அங்கயே அடங்கிடும்.

படி 1: இருக்கற தரவ முதல்ல படிங்க

தேசிய குடும்ப நல ஆய்வோட அஞ்சாவது சுற்று 2019-21ல நடந்துச்சு. 20-24 வயசுப் பொண்ணுங்கள்ல 18க்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்க தமிழ்நாட்டுல 12.8 சதவீதம், அதுக்கு முந்தின சுற்றுல 16.3. 15-19 வயசுப் பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. இதெல்லாம் இலவசமா கிடைக்குது, இதையே திரும்ப ஒரு வாட்டி எடுத்துட்டு புதுசா கண்டுபிடிச்ச மாதிரி எழுதாதீங்க.

ஆனா இதுல ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, அந்த ஆய்வு 15 வயசுல தான் ஆரம்பிக்குது, அதுக்குக் கீழ இருக்கற ஆறாவது ஏழாவது படிக்கிற பசங்க அதுல இல்லவே இல்ல. ஆனா வயசுக்கு வர்றதும் குரல் உடையறதும் பெரும்பாலும் அந்த வயசுல தான். ரெண்டு, அது 2017ல இருந்த மாவட்ட எல்லைய வெச்சு நடந்தது, மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பர்ல, அதனால அதுக்குன்னு தனியா நம்பர் கிடையாது, நாகப்பட்டினத்துக்குள்ள கலந்து கிடக்கு. சீர்காழி, தரங்கம்பாடி பக்கம் வேலை செய்றவங்க வேதாரண்யத்தையும் சேத்த சராசரிய எடுத்து "எங்க மாவட்டம்"னு போடுறத நிறைய பாக்கலாம்.

2006-07ல பாப்புலேஷன் கவுன்சிலும் மும்பைல இருக்கற மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐஐபிஎஸ்ஸும் சேந்து ஆறு மாநிலத்துல இளைஞர்கள் பத்தி பெரிய ஆய்வு ஒண்ணு பண்ணாங்க, தமிழ்நாடும் அதுல உண்டு. நம்பர் பழசு தான், அப்போ ஸ்மார்ட்போன் கிடையாது. ஆனா கூச்சமான கேள்விய எப்படிக் கேட்டாங்கன்னு படிக்க அது இன்னைக்கும் உதவும், கீழ சொல்றேன்.

படி 2: அனுப்ப இடம் இருக்கா

இதுக்கு நேரம் ஒதுக்குங்க, இது தான் அடித்தளம். மத்திய அரசோட தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 2014 ஜனவரி 7ல தொடங்கினது. ஊட்டச்சத்து, பாலியல் இனப்பெருக்க நலம், மனநலம், போதை, காயமும் வன்முறையும், தொற்றா நோய்னு ஆறு தலைப்பு. அதுக்குக் கீழ வளரிளம் பருவத்தினருக்கான கிளினிக் நடத்தணும். பேப்பர்ல இருக்கும், நீங்க போய்ப் பாக்க வேண்டியது அது எந்தக் கிழமை, எத்தன மணிக்கு திறக்குது, அந்நேரம் பசங்க ஸ்கூல்ல உக்காந்திருப்பாங்களா, ஊர்ல இருந்து அந்த நேரத்துக்கு டவுன் பஸ் இருக்கா. காலைல கிளினிக், காலைல தான் ஸ்கூல்னா அந்த கிளினிக் யாருக்கு?

அப்புறம் இன்னொண்ணு, டெல்டா ஊர்ல எல்லாருக்கும் எல்லாரும் சொந்தம். கிராம சுகாதார நர்ஸ் பக்கத்துத் தெருவா இருக்கும், ஓபி சீட்டு போடுறவர் அப்பாவோட கிளாஸ்மேட்டா இருப்பார். ஒரு பொண்ணு வெள்ளைப்படுதுன்னு காட்டப் போனா சாயங்காலத்துக்குள்ள அத்தைக்கு தெரிஞ்சிடும்னு நெனச்சா போகவே மாட்டா. அதனால ஊர்ல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையம் ஒண்ணு, கொஞ்சம் தள்ளி இருக்கற அரசு மருத்துவமனை ஒண்ணுன்னு ரெண்டு இடமாவது லிஸ்ட்ல வைங்க. தஞ்சாவூர் சுத்து வட்டாரம்னா ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி இருக்கு, எச்ஐவி சந்தேகத்துக்கும் டெஸ்டுக்கும் நம்பிக்கை மையம் இருக்கு. சும்மா பேர் எழுதிக்காம அங்க இருக்கற ஆலோசகர நேர்ல பாத்து, எங்க ஆய்வுல இருந்து ஆள் அனுப்புவோம், எந்த நேரம் கூட்டம் கம்மின்னு கேட்டு வைங்க.

போன் நம்பர் கார்டு ஒண்ணு அடிச்சுக்கோங்க. குழந்தைகளுக்கு 1098, எச்ஐவி பத்தி கேக்க 1097, பெண்களுக்கு 181, மனசு சரியில்லன்னா டெலிமானஸ் 14416, பொதுவா மருத்துவ ஆலோசனைக்கு 104. அடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் நீங்களே போன் பண்ணிப் பாருங்க, தமிழ்ல எடுக்குறாங்களா எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு தெரியும். கார்டுல "பாலியல்"னு கொட்ட எழுத்துல போடாதீங்க, நோட்டுக்குள்ள இருந்து அம்மா எடுத்துப் பாத்தா நாள் முழுக்க விசாரணை தான். "மாணவர் உதவி எண்கள்" போதும்.

ஸ்கூல்ல வாரம் ஒரு நாள் குடுக்கற நீல கலர் இரும்புச்சத்து மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கறது, அது உண்மையா வயித்துக்குள்ள போகுதா இல்ல ஜன்னல் வழியா வெளில போகுதான்னும் இந்தக் கட்டத்துலயே விசாரிங்க. 2012ல தமிழ்நாடு அரசு தொடங்கின புதுயுகம் திட்டத்துல வர்ற நாப்கின் ஊருக்கு வருதா, பாத்ரூம்ல தண்ணி வருதா, யூஸ் பண்ணத எங்க போடுறாங்கன்னும் பாருங்க. வாய்க்கால்ல தான் போடுறாங்கன்னா அதுவும் உங்க ஆய்வுக்குள்ள வர்ற விஷயம்.

படி 3: சட்டமும் அனுமதியும்

18 வயசுக்குக் கீழ எல்லாரும் போக்சோ சட்டப்படி, அதாவது பாலியல் குற்றத்துல இருந்து குழந்தைகளப் பாதுகாக்கற சட்டப்படி, குழந்தை. 2012ல வந்த அந்தச் சட்டத்தோட 19வது பிரிவு என்ன சொல்லுதுன்னா குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சா, நடக்கப்போகுதுன்னு பட்டாலே, யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லணும். 21வது பிரிவுல, சொல்லாம விட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். ஆய்வாளருக்குன்னு விதிவிலக்கு எதுவும் அதுல எழுதல. 16, 17 வயசுல ரெண்டு பேரும் விரும்பி உறவு வெச்சுக்கிட்டாலும் சட்டத்துக்கு அதுவும் குற்றம் தான். 2019ல சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புல 16 வயசுக்கு மேல உள்ளவங்க விஷயத்துல சட்டத்த மறுபரிசீலனை பண்ணலாம்னு யோசனை சொன்னாலும் வயசு 18ல தான் நிக்குது. 2022 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு கருக்கலைப்பு வழக்குல, மைனர் பொண்ணும் கார்டியனும் கேட்டுக்கிட்டா டாக்டர் போலீசுக்கு தகவல் சொல்லும்போது பேர் அடையாளம் சொல்ல வேண்டியதில்லன்னு சொல்லிச்சு, ஆனா அது டாக்டருக்கு, அந்தச் சூழ்நிலைக்கு சொன்னது, உங்களுக்கு அப்படியே பொருந்தும்னு எடுத்துக்காதீங்க.

அதனால "நீ என்ன சொன்னாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன்"னு வாக்கு குடுக்காதீங்க. அது பொய். "நீ சொல்றத உன் பேரோட யாருக்கும் சொல்ல மாட்டோம், ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா உதவி பண்றவங்க கிட்ட சொல்லியாகணும், அப்படி சொல்றதுக்கு முன்னாடி உன் கிட்ட பேசுவோம்" இப்படி சொல்லுங்க, பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. நேர்ல பேரோட உக்காந்து கேக்கறதும், பேர் ஊர் எதுவும் இல்லாம பெட்டில போடறதும் வேற வேற நிலைமை. எந்தக் கேள்விய எந்த வழில கேக்கறதுன்னு இத வெச்சு தான் பிரிக்கணும்.

எதிக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு நெறிமுறைக் குழு, அனுமதி இல்லாம ஒரு பையன் கிட்டயும் போகாதீங்க. 2017ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) நெறிமுறை தான் அடிப்படை. பெத்தவங்க சம்மதம் தனி, பிள்ளையோட இசைவு தனி. 7ல இருந்து 12 வயசு வரைக்கும் வாய்வழி இசைவு, 12க்கு மேல 18 வரைக்கும் எழுத்துல. அம்மா கையெழுத்து போட்டாச்சு, பையன் முடியாதுன்னு சொன்னா முடியாது தான். உங்க காலேஜ்ல கமிட்டி இல்லன்னா சுகாதார ஆராய்ச்சித் துறைல பதிவு பண்ணின கமிட்டி உள்ள நிறுவனத்தோட சேந்து பண்ணுங்க.

டெல்டால ஒரு சிக்கல் நிச்சயம் வரும். அப்பா சிங்கப்பூர்லயோ கல்ஃப்லயோ, அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனில, பிள்ளை அப்பாயி வீட்ல. இந்த வீட்ல யார் கையெழுத்து? வீட்டு வாசல்ல போய் நின்னுட்டு யோசிக்காதீங்க, கமிட்டிக்கு குடுக்கற பேப்பர்லயே இந்த நிலைமைய எழுதி, போன்ல சம்மதம் வாங்கி ரெக்கார்ட் பண்ணலாமா, பாட்டி சாட்சி போடலாமான்னு முன்கூட்டியே முடிவு வாங்கிடுங்க. பெத்தவங்க சம்மதமே வேண்டாம்னு விலக்கு தர்றதும் கமிட்டி மட்டும் தான், ஹெச்எம் இல்ல.

படி 4: யார கேக்குறது, எப்போ போறது

ஸ்கூல்ல மட்டும் எடுத்தா ஸ்கூல்ல இருக்கறவங்க தான் வருவாங்க. பத்தாவதோட நின்னு ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்குப் போன பொண்ணு, வேதாரண்யம் உப்பளத்துக்குப் போற பையன், கல்யாணம் ஆகி 17 வயசுல கைக்குழந்தையோட இருக்கறவ, இவங்க யாரும் அட்டென்டன்ஸ்ல இல்ல. ஆனா ஆபத்து அதிகம் அங்க தான். அங்கன்வாடி டீச்சர் கிட்ட வீட்டுவாரியா லிஸ்ட் இருக்கும், அவங்களோட உக்காந்து ஸ்கூலுக்குப் போகாதவங்கள தனியா குறிங்க. காலனித் தெரு, ஊர்த் தெரு, குப்பம் மூணும் இருக்கற பஞ்சாயத்துன்னா மூணுலயும் எடுங்க, ரோட்டோரமா இருக்கற தெருவ மட்டும் முடிச்சிட்டு வந்துடாதீங்க.

சாம்பிள் கணக்கு சிம்பிள் தான். பாதிப் பேருக்கு இருக்கும்னு வெச்சு, 5 சதவீதம் முன்னப் பின்ன, 95 சதவீத நம்பிக்கைன்னா 384 வரும். ஆனா நீங்க கொத்துக் கொத்தா ஊர் எடுக்கறதால ரெண்டால பெருக்குங்க, 768. பத்து சதவீதம் பேர் மறுப்பாங்கன்னு வெச்சா 854. இது முடியலன்னா தலைப்ப சின்னதாக்குங்க, 100 பேர வெச்சு மாவட்டம் முழுக்க இப்படின்னு எழுதாதீங்க.

காலண்டர் முக்கியம். மேட்டூர் ஜூன் 12ல திறந்தா குறுவை நடவு, அம்மாமார் விடியக்காலைல வயலுக்குப் போயிடுவாங்க, வீட்ல சம்மதம் வாங்க சாயங்காலம் ஆறுக்கு மேல தான் முடியும். ஐப்பசி கார்த்திகை மழைல களப்பணி வெச்சா சேறுலயே வாரம் போயிடும், ஸ்கூலும் லீவு. தை அறுவடை, மாசி பங்குனி பரீட்சை. என்னக் கேட்டா ஆடி ஆவணி தான் சரி. கடலோரம் மட்டும் வேற கணக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுல போற அப்பாங்க வீட்ல இருப்பாங்க, அவங்க கிட்ட பேசி சம்மதம் வாங்க அத விட நல்ல நேரம் கிடையாது.

படி 5: கேக்கறதுக்கு முன்னாடி காது குடுங்க

கேள்வித்தாள் எழுதறதுக்கு முன்னாடி ஆறுல இருந்து பத்து பேர் வரைக்கும் உக்கார வெச்சு பேசுங்க, பொண்ணுங்க தனி, பசங்க தனி, 10-14 தனி, 15-19 தனி. நேரா "உனக்கு நடந்திருக்கா"ன்னு கூட்டத்துல கேக்கவே கூடாது. ஒரு கதை சொல்லுங்க: கவிதான்னு ஒரு பொண்ணு, ஒன்பதாவது, டியூஷன் போற வழில ஒருத்தன் போட்டோ எடுத்து அனுப்புறான், அவ யார் கிட்ட சொல்லுவா, சொன்னா வீட்ல என்ன பண்ணுவாங்க? உடனே பேசுவாங்க. "போன பிடுங்கிடுவாங்க, ஸ்கூல நிறுத்திடுவாங்க, மாமனுக்கு கட்டி வெச்சிடுவாங்க" இது தான் பதில். அப்ப தான் புரியும், பிள்ளைங்க வாய மூடிட்டு இருக்கறதுக்கு விவரம் பத்தாதது காரணம் இல்ல, சொன்னா வர்ற தண்டனை தான் காரணம்.

கேள்விப் பெட்டியும் வைங்க. எல்லாரும் ஒரே மாதிரி பேப்பர், ஒரே பேனா, கேள்வி இல்லாதவங்களும் ஏதாச்சும் ஒரு வரி எழுதி போடணும், அப்ப தான் யார் எழுதினான்னு தெரியாது.

படி 6: கேள்வித்தாளும் தனிமையும்

சுலபமானதுல ஆரம்பிங்க, சாப்பாடு, தூக்கம், ஸ்கூல். நடுவுல மாதவிடாய், உடம்பு மாற்றம். கஷ்டமானது கடைசிக்கு கொஞ்சம் முன்னாடி, முடிக்கும்போது மறுபடி லேசான கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல பென்சில்ல எழுதுங்க: இதுக்கு "ஆமா"ன்னு வந்தா நான் என்ன செய்வேன்? பதில் இல்லன்னா கேள்விய வெட்டுங்க. இப்படி வெட்டினா எட்டுப் பக்கம் மூணு பக்கம் ஆகும், நல்லது தான்.

தனிமைக்கு இடம் தேடுறது தான் பெரும்பாடு. கூரை வீட்ல ரூம் எங்க இருக்கு, திண்ணைல உக்காந்தா தெருவே கேக்கும். கோயில் மண்டபம், அங்கன்வாடி மதியத்துக்கு மேல, களத்துமேடு, இப்படி எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியற ஆனா காதுக்கு எட்டாத இடம் பாருங்க. பூட்டின ரூம் வேண்டவே வேண்டாம், பிள்ளை பாதுகாப்புக்கும் சரி உங்க பேருக்கும் சரி.

அந்த 2006-07 ஆய்வுல பண்ணின வழி ஒண்ணு உண்டு, ரொம்ப கூச்சமான கேள்விக்கு வாயால பதில் சொல்லாம கார்டுல குறிச்சு உறைல போட்டு ஒட்டிடணும், எடுத்தவர் கூட பாக்க மாட்டார். இப்போ டேப்லெட்ல ஹெட்போன் மாட்டி, கேள்விய காதுல கேட்டு, பையனே தொட்டு பதில் சொல்ற முறையும் இருக்கு, படிக்கத் தடுமாறுறவங்களுக்கு அது நல்லது. கூகுள் ஃபார்ம் லிங்க்க வாட்ஸ்அப் க்ரூப்ல போடுறது மட்டும் வேண்டாம், போன் அண்ணனோடதா இருக்கும்.

டீம்ல பொண்ணுங்க கிட்ட பேச பொண்ணுங்க, பசங்க கிட்ட பேச பசங்க. அதே ஊர்க்காரங்கள அதே ஊருக்கு அனுப்பாதீங்க. டீச்சர் அந்த இடத்துலயே இருக்கக்கூடாது, "நான் கண்டுக்க மாட்டேன் சார்"னு சொல்லிட்டு பின்னாடி நின்னாலும் வேண்டாம்.

படி 7: விழிப்புணர்வுன்னு போய் உக்காந்தா

ஒரு நாள் மேடை போட்டு, டாக்டர் மைக்ல ஒரு மணி நேரம் பேசி, போட்டோ எடுத்து, டீ குடிச்சிட்டு கிளம்பற நிகழ்ச்சியால எதுவும் மாறாது. சின்னச் சின்ன க்ரூப்பா, பல வாரம், ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து பேசணும். "இதெல்லாம் சொல்லிக் குடுத்தா பசங்க கெட்டுப்போவாங்க"ன்னு பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழகம்) மீட்டிங்ல கட்டாயம் ஒருத்தர் எந்திரிப்பார். அவருக்கு பதில் வெச்சுக்கோங்க: யுனெஸ்கோ 2018ல திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்ல பல நாட்டு ஆய்வுகள அலசி, இந்தக் கல்வியால பசங்க சீக்கிரம் உறவுல ஈடுபடுறது கூடல, ஆபத்தான நடத்தையும் கூடலன்னு சொல்லியிருக்காங்க. இன்னொண்ணும் சொல்லுங்க, இந்தியாவுல எச்ஐவி முதல்ல கண்டுபிடிச்சது 1986ல சென்னைல, டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். அப்பவும் இங்கல்லாம் இது வராதுன்னு தான் எல்லாரும் சொன்னாங்க.

தீட்டு பத்தி பேசும்போது சண்டைக்குப் போகாதீங்க. மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர் எல்லாம் குடும்பத்துக்கு சந்தோஷம், அத கேலி பண்ணா அடுத்த தடவை உள்ளயே விட மாட்டாங்க. ஆனா தனிக் குடிசைல ஒதுக்கி வைக்கறத விட்டுக்குடுக்கவும் கூடாது. 2018 நவம்பர் 16 கஜா புயல் அன்னைக்கு பட்டுக்கோட்டை பக்கம் வயசுக்கு வந்த ஒரு பள்ளிக்கூடப் பொண்ண குடிசைல தனியா வெச்சிருந்து, தென்னை மரம் விழுந்து செத்துப்போச்சு. டெல்டால இத யாருக்கும் புதுசா சொல்ல வேண்டாம், ஞாபகப்படுத்தினா போதும், பாட்டிமாரே "ஆமாம்ப்பா, வீட்டுக்குள்ளயே ஒரு ஓரமா இருக்கட்டும்"னு ஆரம்பிப்பாங்க. அங்க இருந்து ஒவ்வொரு படியா நகத்துங்க.

ஆம்பளப் பசங்கள எல்லாரும் மறந்துடுறாங்க, எனக்கு இதுல கோவமே வரும். கேள்விப் பெட்டிய பசங்க கிளாஸ்ல வெச்சா பாதிக் கேள்வி ஒரே பயம் தான், தூக்கத்துல விந்து வெளியேறினா உடம்பு வீக் ஆயிடுமா, நரம்பு தளந்துடுமா, குழந்தை பிறக்காதா. இந்த பயத்த வெச்சு தான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ்ல ரூம் போட்டு "இன்று மட்டும் வருகை"ன்னு நோட்டீஸ் ஒட்டறவங்க பிழைக்குறாங்க. இது இயல்பு, இதால எந்த நோயும் வராது, மருந்தும் வேண்டாம்னு ஒரு ஆம்பள டாக்டரோ ஆம்பள நர்ஸோ அஞ்சு நிமிஷம் தெளிவா சொன்னா ஆயிரக்கணக்குல காசு மிச்சம் அவனுக்கு. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம் தான் அவன் சம்மதம்னா என்ன, போட்டோ அனுப்புறது ஏன் குற்றம்னு நீங்க சொல்றதக் கேப்பான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசிய அம்மாமார் கூட்டத்துல சொல்லுங்க. 9ல இருந்து 14 வயசுல போடறது தான் நல்ல பலன், அந்த வயசுல ரெண்டு டோஸ், ஒரு டோஸும் போதுமான பாதுகாப்பு தருதுன்னு 2022ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. சீரம் நிறுவனத்தோட செர்வாவாக் நம்ம நாட்டுலயே தயாராகுது. இத பாலியல் பேச்சா இல்லாம கேன்சர் தடுப்பாவே சொல்லலாம், அது தான் உண்மையும்.

படி 8: அளக்கறதும் திருப்பிக் குடுக்கறதும்

முன்னாடி ஒரு டெஸ்ட், பின்னாடி ஒரு டெஸ்ட், மார்க் ஏறிடுச்சு, வெற்றின்னு எழுதறது தான் நம்ம ஊர் வழக்கம். அன்னைக்கு சொன்னத அன்னைக்கே கேட்டா மார்க் ஏறத்தான் செய்யும். மூணு மாசம், ஆறு மாசம் கழிச்சு கேளுங்க. மார்க் தவிர வேற எண்ணுங்க: கிளினிக்குக்கு எத்தன பசங்க வந்தாங்க, இரும்பு மாத்திரை எத்தன பேர் முழுங்கினாங்க, மாதவிடாய் நாள்ல லீவு குறைஞ்சுதா. ஒப்பிட்டுப் பாக்கணும்னா சீட்டுக் குலுக்கி சில ஸ்கூலுக்கு முதல்ல, மத்ததுக்கு பின்னாடின்னு பிரிங்க, பின்னாடி வர்ற ஸ்கூலுக்கும் கட்டாயம் குடுக்கணும். அப்படி பண்ணா முதல் பிள்ளைய சேக்கறதுக்கு முன்னாடியே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐல பதிவு பண்ணிடுங்க.

ரிசல்ட் வந்ததும் ஜர்னலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி மூணு இடத்துக்கு கொண்டு போங்க, மாவட்ட சுகாதார அலுவலகம், பள்ளி மேலாண்மைக் குழு, அப்புறம் அந்தப் பசங்க. ஊர் பேர், ஸ்கூல் பேர் எதுவும் வராம பாத்துக்கோங்க, "ஆத்தோரம் உள்ள ஒரு கிராமம், ஒரே ஒரு மேல்நிலைப் பள்ளி"ன்னு எழுதினாலே ஊர்க்காரங்க கண்டுபிடிச்சிடுவாங்க. ஒரு பதில்ல அஞ்சு பேருக்கும் கம்மின்னா அந்த நம்பர தனியா காட்டாதீங்க, பக்கத்து வயசோட சேத்துடுங்க.

அலுவலகத்துக்கு நாப்பது பக்கம் குடுத்தா அலமாரிக்குப் போகும். ஒரே பக்கம், மூணு கோரிக்கை: கிளினிக்க சனிக்கிழமை இல்லன்னா சாயங்காலம் வைங்க, பசங்களுக்கு ஒரு ஆம்பள ஆலோசகர் போடுங்க, இந்த ஸ்கூல் பாத்ரூமுக்கு தண்ணி லைன் குடுங்க. யார் பேருக்கு மனு, யார் கையெழுத்து, எந்தத் தேதிக்குள்ள திரும்ப போய் விசாரிக்கறதுன்னு அந்தப் பக்கத்தோட அடிலயே எழுதி, ஒரு காப்பிய ஹெச்எம் கிட்ட குடுத்து ரசீது வாங்கிக்கோங்க.